வெள்ளையணு எகிறினால் எது முதலில்: என்சைம் டெஸ்டா, ஜீன் டெஸ்டா, மஜ்ஜையா?

என் சித்தப்பாவுக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டு. விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டு, திரும்பி வந்து ஒரு பெரிய கிண்ணம் கஞ்சியும் பயறும் காலி பண்ணுகிற மனுஷன். கொஞ்ச நாளாகக் கஞ்சி பாதியிலேயே போதும் என்று எழுந்துவிடுகிறார் என்று சித்தி போனில் சொன்னபோது நானும் கேஸாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அவரும் சுக்கு, ஓமம் என்று காய்ச்சிக் குடித்துப் பார்த்தார். அப்புறம் இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளையணு 86,000. பெரியவர்களுக்கு 4,000-த்திலிருந்து 11,000 வரை இருக்க வேண்டியது.

நான் நாகர்கோவிலில் ஒரு லேபில் டெக்னீஷியன், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த இடத்தில் வந்து முட்டி நிற்கிற குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன். டாக்டர் சீட்டில் மூன்று எழுதியிருந்தார்: எல்.ஏ.பி. ஸ்கோர் என்கிற என்சைம் டெஸ்ட், இல்லாவிட்டால் பிசிஆர்-ஏபிஎல் ஜீன் டெஸ்ட், பிறகு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. முதல் இரண்டில் எது வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். முதலாவது சில நூறு ரூபாய், இரண்டாவது சில ஆயிரம், மூன்றாவது பணத்தைவிடப் பயம்.

வெள்ளையணு இவ்வளவு எகிறுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான் எதிரெதிராக நிற்கும். ஒன்று, உடம்பில் எங்கேயோ கடுமையான தொற்று இருந்து, அதோடு சண்டை போட மஜ்ஜை ஆள் மேல் ஆள் அனுப்புகிறது. நிமோனியா, உள்ளே எங்காவது சீழ்க்கட்டி, காசநோய், இப்படி. இதில் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டினாலும் இது ரத்தப் புற்றுநோய் இல்லை, அதன் வேஷம் மட்டும்தான். இன்னொன்று, யாரும் கேட்காமலேயே மஜ்ஜை தன்பாட்டுக்கு அணுக்களை உற்பத்தி பண்ணிக்கொண்டே இருக்கிறது. நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய், சுருக்கமாக சி.எம்.எல். முதலாவதுக்குத் தொற்றைக் கவனித்தால் போதும், இரண்டாவதுக்கு வருஷக்கணக்கில் மாத்திரை. இரண்டிலும் ரத்த எண்ணிக்கை ஒரே மாதிரி இருக்கலாம் என்பதால்தான் இத்தனை டெஸ்ட்.

எல்.ஏ.பி. என்பது வெள்ளையணுக்களில் நியூட்ரோபில் என்ற வகைக்குள் இருக்கும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைமின் அளவு. தொற்றோடு மல்லுக்கட்ட வந்த நியூட்ரோபிலில் இந்த என்சைம் நிறைய இருக்கும், சி.எம்.எல்.-இல் வருகிற நியூட்ரோபில் பார்வைக்கு அதே மாதிரி இருந்தாலும் உள்ளே இது காலியாக இருக்கும். 1955-இல் காப்ளோ என்பவர் இதை எண்ணிச் சொல்லுகிற முறையைக் கொண்டுவந்தார், இன்றும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஸ்லைடில் ரத்தத்தை இழுத்து, அந்த என்சைம் உடைக்கக்கூடிய ஒரு பொருளையும் ஒரு சாயத்தையும் சேர்த்து ஊற்றினால், என்சைம் இருக்கிற இடத்தில் மட்டும் நிறம் பொடிப்பொடியாகப் படியும். 100 நியூட்ரோபிலைப் பார்க்க வேண்டும். நிறமே இல்லாததற்கு 0, அணு முழுக்க அப்பிக் கிடந்தால் 4. அறுபது அணுவுக்கு 0, முப்பதுக்கு 1, பத்துக்கு 2 என்றால் மொத்த ஸ்கோர் 50. அதிகபட்சம் 400. நார்மல் எது என்பது லேபுக்கு லேப் மாறும், ஏறக்குறைய 20-லிருந்து 100 வரை என்று வைத்துக்கொள்ளலாம். சி.எம்.எல்.-இல் அதற்கும் கீழே போய், பல நேரம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

கேட்க அழகாக இருக்கிறதல்லவா, எனக்கும் பிடித்த டெஸ்ட்தான். கற்றுக்கொண்ட காலத்தில், சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரின் சொட்டு ரத்தத்தை வாங்கி வந்து பக்கத்து ஸ்லைடில் வைப்போம். கர்ப்பத்தில் இந்த என்சைம் இயல்பாகவே ஏறும், அந்த ஸ்லைடு நிறமாகவில்லை என்றால் நோயாளியின் ஸ்லைடையும் நம்பக் கூடாது. ஆனால் எது 1, எது 2 என்று தீர்மானிப்பது என் கண். ஒரே ஸ்லைடில் நான் 62 எண்ணியதை என் கூட வேலை பார்த்தவர் 85 எண்ணியிருக்கிறார், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இப்போது இதைக் கேட்டு வருகிறவர்களே அருகிவிட்டார்கள், எப்போதாவது ஒன்று செய்கிற டெஸ்டில் கை எப்படிப் பழகும்?

அதைவிடப் பெரிய சிக்கல் டியூப். சாதாரண ரத்த எண்ணிக்கைக்கு எடுக்கிற ஊதா மூடி டியூப் இதற்கு ஆகாது. அதில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. என்கிற மருந்து ரத்தம் உறையாமல் இருக்க சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைப்பதோடு நிற்காமல், இந்த என்சைம் வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது, ஆகவே ஸ்கோர் தானாகவே இறங்கும். விரலில் குத்தி நேராக ஸ்லைடில் இழுப்பதுதான் உத்தமம், இல்லையென்றால் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடி. நேரம் ஆக ஆகவும் என்சைம் வடியும். அருமனையில் காலையில் எடுத்த ரத்தம் பஸ்ஸில் மார்த்தாண்டம் வந்து, அங்கிருந்து நாகர்கோவில் வந்து, ராத்திரி கொரியரில் வேறு ஊருக்குப் போய் மறுநாள் மத்தியானம் ஸ்லைடில் ஏறினால், அந்த ஸ்கோர் நோயைச் சொல்கிறதா பஸ் பயணத்தைச் சொல்கிறதா?

இதையெல்லாம் வீட்டில் சொல்லி, நேராக ஜீன் டெஸ்டுக்குப் போவோம் என்றேன். சித்தப்பா மகனுக்கு மனசு கேட்கவில்லை, முதலில் விலை குறைந்ததைப் பார்ப்போமே என்று தனியாக ஒரு கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். மறுநாள் சாயங்காலம் போன்: "அண்ணே, நார்மல்ணே! 98 இருக்கு. தொற்றாத்தான் இருக்கும்." எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாகிவிட்டது, பொய் சொல்வானேன். ரிப்போர்ட்டை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தால் 98-க்குப் பக்கத்தில் 'யூனிட் / லிட்டர்' என்று போட்டிருக்கிறது. ஸ்கோருக்கு ஏது லிட்டர்? எல்.ஏ.பி. என்று எழுதியதை ஏ.எல்.பி. என்று படித்து, ஈரல் டெஸ்டில் வழக்கமாகப் பார்க்கிற, சீரத்தில் இருக்கிற அல்கலைன் பாஸ்பட்டேஸைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். என்சைமின் பெயர் ஒன்றுதான், ஆனால் அது ஈரலிலிருந்தும் எலும்பிலிருந்தும் ரத்தத்தில் கலக்கிறது, நியூட்ரோபிலுக்குள் இருப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எந்த லேப் என்று கேட்காதீர்கள், அவசரத்தில் யாரும் செய்யக்கூடிய தப்பு அது. இந்த டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தால் 'நியூட்ரோபில்' அல்லது 'ஸ்கோர்' என்ற சொல் சீட்டில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், ரிப்போர்ட்டில் யூனிட் போட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

சரி, ஜீன் டெஸ்ட். பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பிசிஆர்-ஏபிஎல் என்பது ஜீனின் பெயர், அதைக் கண்டுபிடிக்கிற முறைக்கும் பிசிஆர் என்றுதான் பெயர், தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. கொரோனா சமயத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தது இந்த முறை. அதனால் "அது கொரோனா டெஸ்ட்தானே, எனக்கு எதுக்கு மக்களே?" என்று சித்தப்பாவே கேட்டார். 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் சி.எம்.எல். நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். 1973-இல் ஜேனட் ரவுலி, அது குறைந்துபோனதல்ல, 9-ஆவது குரோமோசோமும் 22-ஆவது குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்தது என்று காட்டினார். அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் உண்டாகிற ஜீன்தான் மஜ்ஜையை ஓயாமல் ஓட விடுகிறது. ரப்பர் ஒட்டுக் கன்று தெரிந்தவருக்கு இதை விளக்குவது சுலபமாக இருந்தது. ஒட்டு அதுவாகவே தப்பான இடத்தில் பிடித்துவிட்டது என்றேன், புரிந்துகொண்டார்.

இன்றைக்கு இந்த ஜீன் இருந்தால்தான் அதற்கு சி.எம்.எல். என்று பெயர், இல்லாவிட்டால் எல்.ஏ.பி. எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பெயர் கிடையாது. மாத்திரையும் இந்த ஜீன் செய்கிற புரதத்தைக் குறிவைத்துத்தான் வேலை செய்கிறது. ஆகவே எல்.ஏ.பி. பூஜ்யம் என்று வந்தாலும் ஜீன் டெஸ்ட் செய்தே ஆக வேண்டும். அதிகமாக வந்தால்? சி.எம்.எல். நோயாளிக்கே கூடவே ஒரு தொற்று இருந்தால், அல்லது கர்ப்பமாக இருந்தால், ஸ்கோர் நார்மலுக்கு ஏறிவிடும், அப்போதும் சந்தேகம் தீராது. எப்படி வந்தாலும் இரண்டாவது டெஸ்டுக்குத்தான் போகப் போகிறோம் என்றால் முதலாவதுக்குக் கொடுத்த சில நூறு மிச்சமா செலவா?

இங்கேயும் டியூப் விஷயம் இருக்கிறது, அப்படியே தலைகீழாக. ஹெப்பாரின் பிசிஆர் முறையைக் கெடுக்கும், அதனால் பச்சை மூடி கூடாது, ஊதா மூடிதான் வேண்டும். ஒரே நாளில் இரண்டு டெஸ்டுக்கும் ரத்தம் கொடுக்கிறவர்கள் இரண்டு மூடியும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். தேடப்போவது அந்த ஜீனிலிருந்து எடுபடுகிற நகலான ஆர்.என்.ஏ., அது டியூபுக்குள் வேகமாகச் சிதையக்கூடியது. நம் மாவட்டத்திலிருந்து பெரும்பாலும் வெளியூருக்குத்தான் சாம்பிள் போகும், ஐஸ் பேக்கோடு, உறைந்துவிடாமல், ஒன்றிரண்டு நாளுக்குள் சேர வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் ரத்தம் கொடுக்காதீர்கள், ஞாயிறு முழுக்க அது எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும். சித்தப்பாவுக்கு நான் திங்கள் காலையில்தான் எடுத்தேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் தடவைக்கு, ஜீன் இருக்கிறதா இல்லையா என்று எல்லா வகையையும் தேடுகிற டெஸ்ட் தேவை. பெரும்பாலோருக்கு இருப்பது பி210 என்ற வகை, மிகச் சிலருக்கு பி190, பி230. அளவை மட்டும் பார்க்கிற டெஸ்ட் பல இடங்களில் பி210-ஐ மட்டும்தான் தேடும், மற்ற வகை இருந்தால் 'இல்லை' என்று வந்துவிடும்.

ஆனால் ஜீன் டெஸ்டுக்கு முன்னால், காசே அதிகம் ஆகாத ஒன்று இருக்கிறது: ரத்த ஸ்மியரை, அதாவது ஸ்லைடில் மெல்லிசாக இழுத்த ரத்தத்தை, ஒருவர் பொறுமையாக மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. மெஷின் கொடுத்த எண்ணிக்கையோடு நிறுத்திவிடக் கூடாது. சித்தப்பாவின் ஸ்லைடை லீஷ்மன் சாயம் போட்டு நானே பார்த்தேன், அப்புறம் பேத்தாலஜிஸ்ட் பார்த்தார். மஜ்ஜையை விட்டு வெளியே வரவே கூடாத இளம் அணுக்கள், மைலோசைட் கூட்டம் கூட்டமாக. நடுநடுவே பேசோபில் என்ற இன்னொரு வகை வெள்ளையணு, கருநீலப் பொடி அப்பி உட்கரு தெரியாத அளவுக்கு. சாதாரண ஆளுக்கு நூறில் ஒன்று தென்படுகிற அணு, இங்கே ஒவ்வொரு இடத்திலும் ஒன்று. தொற்றாக இருந்தால் நியூட்ரோபிலுக்குள் தடித்த பொடி தெரியும், வெளிர்நீலத் திட்டு தெரியும், பேசோபில் இப்படிப் பெருகாது. ஸ்மியர் இவ்வளவு தெளிவாகப் பேசும்போது எல்.ஏ.பி. எதற்கு? ஸ்மியர் தொற்று என்று சொன்னால் தொற்றுக்கு மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து எண்ணிக்கையைப் பார்த்தாலே இறங்கியிருக்கும், அங்கேயும் எல்.ஏ.பி. தேவைப்படாது. இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிற, ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட் வர வாரம் ஆகிற, பக்கத்திலேயே புதிதாக ஸ்லைடு போட்டு எண்ணத் தெரிந்த ஆள் இருக்கிற இடத்தில் வேண்டுமானால் செய்யலாம். இதில் மூன்றாவது நிபந்தனைதான் கஷ்டம்.

மஜ்ஜைப் பரிசோதனை இவை இரண்டுக்கும் மாற்று இல்லை, அது வேறு கேள்விக்குப் பதில். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, முதிராத பிளாஸ்ட் அணு எவ்வளவு, வேறு குரோமோசோமிலும் கோளாறு சேர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். "முதுகுத் தண்டில ஊசி போடுவாங்களாமே, இடுப்பு போயிருமாமே" என்று சித்தி அழுதாள். முதுகுத் தண்டு இல்லை, இடுப்பின் பின்பக்கம் கை வைத்தால் மேடாகத் தட்டுப்படும் எலும்பு. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் செய்வார்கள். குத்துவதைவிட, மஜ்ஜையை ஊசியில் உறிஞ்சுகிற அந்தச் சில நொடிதான் வலிக்கும், காலுக்குள் ஏதோ சுண்டி இழுக்கிற மாதிரி. அரை மணியில் முடிந்து, கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்திருந்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

அப்புறம் எல்.டி.எச்., இதுவும் என்சைம்தான், எல்லா லேபிலும் கிடைக்கும், எல்லா சீட்டிலும் எழுதுவார்கள். எங்கே அணு உடைந்தாலும் ஏறும், அதனால் தனியாக ஒரு நோயையும் சொல்லாது. பி12 சத்துக் குறைவில் மஜ்ஜைக்குள்ளேயே அணுக்கள் உடைந்து இது ஆயிரக்கணக்கில் ஏறும், வீட்டில் எல்லாரும் ரத்தப் புற்றுநோய் என்று முடிவே கட்டிவிடுவார்கள், பி12 ஊசியில் சரியாகப் போகிற விஷயம் அது. மெல்லிய ஊசியில் கஷ்டப்பட்டு இழுத்த ரத்தம், குலுங்கிக் குலுங்கி வந்த டியூப், இதிலும் ஏறும்.

இதைப் படித்துவிட்டு என்சைம் டெஸ்ட் எல்லாமே பழசு, ஜீன் டெஸ்ட்தான் சரி என்று நினைத்துவிட வேண்டாம். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஜி6பிடி என்ற என்சைமில் கணக்கு வேறு. நம் கடற்கரை ஊர்களிலிருந்து மங்களூர், குஜராத் பக்கம் போட்டில் தங்கி வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களில் சிலர் மலேரியாவோடு திரும்புகிறார்கள். வைவாக்ஸ் வகை என்றால் ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்காக 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை கொடுப்பார்கள். ஜி6பிடி என்சைம் குறைவாக உள்ளவர் அதைச் சாப்பிட்டால் சிவப்பணு உடைந்து சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போகும். இங்கே என்சைம் குறைவுதான் நோயே, ஆகவே அதை நேரடியாக அளப்பதுதான் சரியான வழி. ஜீன் டெஸ்ட் தெரிந்த சில மாற்றங்களை மட்டும் தேடும், மற்றதைக் கோட்டைவிடும். சி.எம்.எல்.-இல் என்சைம் வெறும் புகை, நெருப்பு வேறெங்கோ இருக்கிறது. ஜி6பிடி-யில் என்சைமேதான் நெருப்பு. ஆனால் ரத்தம் உடைந்து முடிந்த சூட்டோடு இதை அளக்கக் கூடாது. என்சைம் குறைந்த வயதான அணுக்கள்தான் முதலில் உடையும், மிஞ்சியதும் புதிதாக வந்ததும் இளம் அணு, அவற்றில் என்சைம் அதிகம், ரிப்போர்ட் நார்மல் என்று ஏமாற்றும். இரண்டு மூன்று மாதம் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். பெண்களுக்கு 'இருக்கிறது, இல்லை' என்று மட்டும் சொல்லும் டெஸ்டைவிட அளவைச் சொல்லும் டெஸ்ட் மேல், ஏனென்றால் அவர்களில் பாதிக் குறைவு உள்ளவர்கள் உண்டு.

சித்தப்பாவுக்கு எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. பி210, இருக்கிறது. அவர் முதலில் கேட்டது, "மணவாளக்குறிச்சி மணலாலயா மக்களே?" என்பதுதான். நம் ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் கடைசியில் அந்தக் கதிர்வீச்சு மணலில் வந்துதான் நிற்கும். குலசேகரத்துக்கும் அந்தக் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஆயிரக்கணக்கானவர்களை வருஷக்கணக்காகக் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று சொன்னேன். முழுசாக நம்பினார் என்று சொல்ல முடியாது.

மஜ்ஜைக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜா, திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டரா, வேலூரா என்று இரண்டு நாள் வாக்குவாதம். ஒரே ஒரு தடவை போய் வருவதென்றால் எங்கேயும் போகலாம், இது வருஷக்கணக்கில் போய் வருகிற நோய், அதனால் பஸ் ஏறி அன்றைக்கே திரும்பக்கூடிய இடமாகப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், அது அங்கே செல்லுமா என்று போவதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம் ஒன்றும் தூரமில்லை, சித்தப்பா அங்கேதான் போனார். ஆரம்பக் கட்டம் என்று வந்தது. இமாட்டினிப் 400 மில்லிகிராம், தினம் ஒன்று, சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து, இங்கே 2013-இல் நோவார்ட்டிஸின் காப்புரிமைக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டதால் நம் ஊர் கம்பெனிகளின் மாத்திரை தடையில்லாமல் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஜீனின் அளவைப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மாத்திரை கேட்கிறது என்று அர்த்தம், சித்தப்பாவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரே லேப், ஊதா மூடி, வாரத்தின் முதல் பாதி. அடுத்த ரத்தம் மாசியில், ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற சமயம், அதனால் ஒரு நாள் கூலி போகாது என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.